பத்து மீட்டருக்கு அப்பால் ஒரு புள்ளி

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் நன்றாக இருக்கிறோம். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறாயா என்பதெல்லாம் கடவுளுக்குத்தான் வெளிச்சம். போனில் கேட்டால் "எல்லாம் ஓகேக்கா" என்பாய். மாமா பேச்சை எடுத்தால் போதும், உனக்கு உடனே சிக்னல் போய்விடும். கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். பாதியில் மடித்து வைக்காமல் கடைசி வரை படி.

முதலில் ஒரு செய்தி. நம் வீட்டுக்குத் துப்பாக்கி வந்திருக்கிறது. பதறாதே. காற்றழுத்தத்தில் சுடும் ரைபிள்தான். அட்டையில் அச்சடித்த கறுப்பு வட்டத்தைத் தவிர வேறு எதையும் அது சுடப்போவதில்லை. பூட்டிய பெட்டியில் படுத்துக் கிடக்கிறது, சாவி என்னிடம். சுடுவது யார் என்கிறாயா? உன் மாமாதான். நம்பு.

பட்டறையில் சாணைக்கல் உடைந்து சில்லுத் தெறித்து அவருடைய வலது கண் போனபோது நீ பக்கத்திலேயே நின்றாய். கல்லில் இரும்பை வைத்துப் பிடித்திருந்ததும் நீதான். அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை, ஊரை விட்டே போய்விட்டாய். நானும் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் தூரமாகப் போய்விடுவாயோ என்று பயம். இப்போது சொல்கிறேன். மனுஷர் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினால் தம்ளருக்கு வெளியே கொட்டும். படியிறங்கும்போது கடைசிப் படி முடிந்துவிட்டதா இல்லையா என்று காலால் துழாவுவார். லேத்தில் தலைமுடி அளவு பிசகாத கை, தம்பி! "ஒத்தைக் கண்ணுக்கு ஆழம் தெரியலடி" என்று ஒருநாள் சொல்லிவிட்டுப் பட்டறையை வேலையாட்களிடம் விட்டவர்தான். அப்புறம் ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சண்டைக்கு இழுத்தாலும் வரமாட்டார். எனக்கு அதுதான் பெரிய துக்கம், என்னோடு சண்டை போட ஆளில்லாமல் போனது.

அப்படி இருக்கும்போது ஒரு பெண் வீட்டைத் தேடி வந்தாள். நம் ஊர்ப் பழைய துணிக் கிடங்கு இருந்த இடத்தில் இப்போது குறி சுடப் பழகும் கூடம் நடத்துகிறாள், எல்லோரும் கோச் என்று கூப்பிடுகிறார்கள். உன்னைவிடச் சின்னவள்தான், ஆனால் நிமிர்ந்து நின்றால் நமக்கே முதுகு நேராகிவிடும். ரைபிளின் பின்புறம் மாட்டும், குறி பார்க்கும் கருவி ஒன்றில் திருகாணி உடைந்துவிட்டதாம், செய்து தர முடியுமா என்று கேட்டாள். இவர் முடியாது என்றார். அவளோ "அவசரமில்லைங்க, இருக்கட்டும்" என்று மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பலே கைகாரி!

கட்டைவிரல் நீளம்தான் அந்தக் கருவி. நடுவில் ஊசித்துளை மாதிரி ஒரு ஓட்டை. பக்கத்தில் ஒரு குமிழ், மேலே ஒரு குமிழ். திருகினால் டிக் டிக் என்று ஓட்டை நகரும். எவ்வளவு நகர்ந்தது என்று நம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, அத்தனை நுணுக்கம். இவர் முதலில் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு கையில் எடுத்தார். பிறகு கையை விட்டு இறக்கவே இல்லை, சாப்பிடும்போதும் இடது கையில் டிக் டிக். ஒரு காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவரை எங்கே என்று கேட்டேன். "பட்டறைக்கு" என்றார். நான் சமையலறைக்குள் ஓடிப்போய் அழுதேன்.

திருகாணியைக் கொடுக்கப் போகும்போது நானும் கூடப் போனேன். உள்ளே பேச்சே இல்லை. வரிசையாக நிற்கிறார்கள், பத்து மீட்டர் தள்ளி ஆளுக்கொரு அட்டை. அட்டையின் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி, மூக்குத்திக் கல்லைவிடச் சின்னது. அதைத்தான் சுட வேண்டுமாம்! கோச் இவர் கையில் ஒரு ரைபிளைக் கொடுத்தாள். பழக்கதோஷம், வலது தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்து, வலது கண்ணை ஓட்டையில் வைத்தார். அங்கே என்ன தெரியும்? அப்படியே நின்றார். 

அவள் ரைபிளை வாங்கி இடது தோளுக்கு மாற்றினாள். வலது தோளிலேயே வைத்துக்கொண்டு இடது கண்ணால் பார்க்க வளைவாக ஒரு தாங்கி கிடைக்குமாம், ஆனால் கழுத்து கோணிக்கொள்ளும், வேண்டாம் என்றாள். "தோளை மாத்துங்க. கை கத்துக்கும். கண்ணுக்குத்தான் கத்துக்கொடுக்க முடியாது" என்றாள். அப்புறம் அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. இங்கே ஆழம் தேவையில்லையாம். பத்து மீட்டர் என்றைக்கும் பத்து மீட்டர்தான், கூடாது குறையாது. அதைப் பார்க்க ஒரு கண்தான் வேலை செய்யும், இரண்டு கண் உள்ளவர்களுக்கும் அப்படித்தான். உன் மாமா அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் எப்படி எழுதுவேன்!

பிறகென்ன, கொஞ்ச நாள் கூடத்து ரைபிளில் பழகிவிட்டுச் சொந்தமாக வாங்கக் கிளம்பினோம். தேர்ந்தெடுப்பது என்றால் சாதாரணமா? சுருள்வில் வைத்த ரைபிள் ஒன்று, மடக்கி இழுத்தால்தான் காற்றடைக்கும். சுடும்போது உள்ளே வில் குதிக்கும், கையிலும் அந்த உதறல் தெரியும். இன்னொன்றில் குழாய்க்கடியில் காற்று உருளை, முன்னாடியே நிரப்பி வைக்கலாம், சுட்டால் ஒரு செருமல் சத்தம், அவ்வளவுதான். இவர் இரண்டாவதைக் கையில் எடுத்ததும் விடவில்லை. இடக்கைக்காரர்களுக்கென்றே செய்தது. கன்னம் படும் இடத்தை ஏற்றலாம், தோளில் பதியும் தகட்டை நீட்டலாம், சாய்க்கலாம். கடைக்காரர் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பி வைத்ததைப் பார்த்தால் தையல்காரர் சட்டைக்கு அளவெடுப்பது போலவே இருந்தது. மனுஷன் துப்பாக்கிக்குப் பழகுவான் என்று நினைத்திருந்தேன். துப்பாக்கிதான் மனுஷனுக்குப் பழகிக்கொள்கிறது.

நானும் என் பங்குக்கு மூக்கை நுழைத்தேன். கண்ணாடி அலமாரியில் முழ நீளத்துக்குப் பெரிய தொலைநோக்கி ஒன்று பளபளத்தது. பார்வை குறைந்தவருக்கு ஓட்டையைக் கொடுத்து ஏமாற்றுகிறீர்களே, அதை மாட்டிக் கொடுங்கள் என்று பிடிவாதம் பிடித்தேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே வேறொரு ரைபிளில் அதை மாட்டி, மணல்பை மேல் சாய்த்து என்னைப் பார்க்கச் சொன்னார். பார்த்தால் உள்ளே குறுக்குக் கோடு துள்ளுகிறது! நின்று, துள்ளி, நின்று, துள்ளி. கருவி பழுதுங்க என்று கத்தினேன். "பழுதில்லைம்மா. அது உங்க இதயம்" என்றார்.

தம்பி, இத்தனை வருஷமாக எனக்குள்ளே துடித்துக்கொண்டிருந்ததை நான் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். கன்னத்தில் ஓடும் நாடி, மரக்கட்டைக்கு வந்து, குழாய்க்கு வந்து, எதிர்ச் சுவரில் குதிக்கிறது. தொலைநோக்கி குறியைப் பெரிதாக்கும்போது ஆட்டத்தையும் சேர்த்தே பெரிதாக்கிவிடுமாம். அதுவும் தவிர, இவர் சுடும் போட்டிகளில் அது கூடாது, பின்னால் ஓட்டையும் குழாய் முனையில் ஒரு வளையமும்தான் விதி. நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் கடையை விட்டு வரும் வரை என் கை நெஞ்சின் மேலேயே இருந்தது.

குண்டுகளையும் அப்படியே எடுத்துவிட முடியாது. ஒரே கம்பெனி, ஒரே டப்பா, ஆனால் ஒவ்வொரு தொகுதியும் ஒவ்வொரு மாதிரி. ரைபிளை அசையாதபடி இரும்புப் பிடியில் இறுக்கி வைத்துச் சுட்டுப் பார்த்து, எந்தத் தொகுதி ஒரே ஓட்டையில் போய் விழுகிறதோ அதைத்தான் எடுத்தார். அப்புறம் தோலும் கித்தானும் வைத்துத் தைத்த ஒரு கோட்டு. அதைப் போட்டுக்கொண்டு அவர் நடந்தால் நம் வீட்டு பீரோ நடந்து வருவது போல இருக்கிறது. உட்கார முடியாது, குனிய முடியாது. கைக்குட்டை கீழே விழுந்தால் நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆனால் நிற்கும்போது, அப்பா! முதுகு அதில் சாய்ந்துகொள்ளும்.

போன ஞாயிற்றுக்கிழமை தன் சொந்த ரைபிளோடு முதல் தடவை நின்றார். நான் பின்னால் பெஞ்சில். இடது முழங்கை இடுப்பெலும்பில் பதிய வேண்டியது மாறி, வலது முழங்கை பதிந்தது. கன்னம் சாய்ந்தது. மூச்சு ஏறி, பாதி இறங்கி, நின்றது. ஓட்டைக்குள் வளையம், வளையத்துக்குள் அட்டையின் கறுப்பு, கறுப்புக்குள் புள்ளி, எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக வந்து உட்காருமாம். இரண்டு துடிப்புக்கு நடுவே ஒரு சின்ன அமைதி இருக்கிறதாம், விரல் அதற்குள் போய்வர வேண்டுமாம். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு அசையாமல் ஒரு உயிர் நிற்க முடியுமா! நாற்காலியிலும்தான் அசையாமல் கிடந்தார், ஆனால் அது வேறு. ஒரு செருமல். அட்டை நகர்ந்து கிட்டே வந்தது. புள்ளி இருந்த இடத்தில் புள்ளி இல்லை. கோச் இவர் தோளை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாள். எனக்குக் கும்பிட வேண்டும் போல இருந்தது, யாரை என்று தெரியவில்லை.

இனி நான் எழுத வந்ததற்கு வருகிறேன்.

அன்றைக்குக் கடையில் எல்லாம் எடுத்து முடித்த பிறகு, கடைக்காரர் நெற்றியில் கட்டும் ஒரு பட்டையைக் கொண்டுவந்தார். அதில் வெள்ளையாக ஒரு மடல் தொங்கும். குறி பார்க்காத கண்ணை இறுக்கி மூடினால் மற்றக் கண்ணும் களைத்துவிடும், அதனால் அதைத் திறந்தே வைத்து முன்னால் இந்த மறைப்பைத் தொங்கவிட வேண்டுமாம். இவருக்கு வைத்திருக்கும் செயற்கைக் கண் அசல் மாதிரியே இருக்கும், கடைக்காரருக்குத் தெரியவில்லை. "இது இல்லாம யாரும் சுடறதில்ல சார், வலது பக்கம் மாட்டிப் பாருங்க" என்று நெற்றி வரைக்கும் கொண்டுபோய்விட்டார். 

உன் மாமா சொன்னார்: "வேணாங்க. எனக்கு அதை என் மச்சான் எப்பவோ மாட்டி விட்டுட்டான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார், தம்பி. வயிறு குலுங்க, கண்ணில் நீர் வர. கடைக்காரர் ஒன்றும் புரியாமல், உங்க மச்சானும் சுடுவாரா என்று கேட்டார். "சுட மாட்டான். ஓடுவான். ஓட்டத்துல அவனை அடிச்சுக்க ஆளில்ல" என்றார். அந்தச் சிரிப்பு வீட்டில் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று உனக்கே தெரியும்.

திரும்பும்போது பஸ்ஸில் ரைபிள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பிறகு வெளியே பார்த்தபடியே, "அவன் ஏண்டி என்கிட்ட பேச மாட்டேங்கிறான்? என் மூஞ்சியப் பார்க்க அவனுக்கு அருவருப்பா இருக்கா?" என்று கேட்டார்.

 மாமா உன்மேல் கோபமாக இருக்கிறார் என்று நீ அங்கே ஒளிந்திருக்கிறாய். தன் முகம்தான் உன்னைத் துரத்திவிட்டது என்று இவர் இங்கே நினைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் நான் ஒருத்தி, கடிதம் எழுதிக்கொண்டு.

அவருக்குப் பதிலை என்னால் எழுத முடியாது, நீதான் நேரில் வந்து சொல்ல வேண்டும். வந்து பேசக்கூட வேண்டாம். எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தை நன்றாக, கண்ணைத் தாழ்த்தாமல் பார். அது போதும்.

நல்ல உடம்போடும் நல்ல மனசோடும் இரு. சீக்கிரம் கிளம்பு.

உன் வரவை எதிர்பார்த்து,
அக்கா