பெருமுக்கல் பாறையில் நீ பாதியில் இறங்கிய நாள்

பூச்சி,

காலையில் மழை விட்டதும் உன் ஷூவை எடுத்து வெயிலில் வைத்தேன். ரப்பரும் வியர்வையும் கலந்து ஒரு நாற்றம் வந்தது பார், உன் அண்ணன் வாசலிலிருந்தே மூக்கைப் பிடித்துக்கொண்டார். "இன்னாடி இது, எலி செத்த மாதிரி?" என்றார். "உங்க தங்கச்சி வந்திருக்கா" என்றேன். சிரித்துவிட்டார். நீ போய் இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. உன் பேச்சை எடுத்து அவர் சிரித்தது இதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் எழுத உட்கார்ந்தேன். நாத்தனாருக்குக் கடிதம் எழுதும் அண்ணி மரக்காணத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நான் படித்தது அஞ்சாவது, நீ நாலாவது. பிழை இருந்தாலும் உனக்குத் தெரியப் போவதில்லை.

மழை மாதங்களில் உப்பளம் தண்ணீரில் கிடக்கும், நமக்கு வேலை இருக்காது. அப்படி ஒரு மழையில்தான் உன் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோவில், முதுகில் மெத்தை கட்டிக்கொண்டு ஒரு பெண் ஏறினாள். பெருமுக்கல் மலையில் பாறை ஏறப் போகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை தோறும் பத்துப் பேருக்குச் சோறு வேண்டும் என்றாள். சோற்றையும் மீன் குழம்பையும் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே பார்த்தால், பாறையில் ஏறுவதும் மெத்தையில் விழுவதும் திரும்ப ஏறுவதுமாக இருந்தார்கள். நீ இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏன் அண்ணி, இதுங்களுக்கு வீட்ல கட்டில் இல்லையா?" என்று கேட்டாய்.

மூன்றாவது வாரம் நீயே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாய். மெத்தைக்காரப் பெண் உப்பு வாரிக் காய்த்த உன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து வாயைப் பிளந்தாள். பாறை ஏறும் தன் பழைய ஷூவை உனக்கே கொடுத்துவிட்டாள்.

அவள் நமக்கு முதலில் ஏறக் கற்றுத்தரவில்லை. "மொதல்ல விழக் கத்துக்கங்கக்கா" என்றாள். இரண்டு காலும் சேர்ந்து இறங்க வேண்டும், முட்டி மடங்க வேண்டும், கையைப் பின்னால் ஊன்றக் கூடாது. ஏறுகிறவளுக்குப் பின்னால் ஒருத்தி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும், விழுந்தால் இடுப்பைப் பிடித்து மெத்தைப் பக்கம் தள்ள. அது என் வேலையாயிற்று. சின்னப் பாறைகளில் ஏறி உடம்பு சூடான பிறகுதான் பெரியது. தெம்பு கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். ஒரு நாள் ஏறினால் இரண்டு நாள் சும்மா இருக்க வேண்டும்.

அந்தச் சும்மா இருப்பதுதான் உனக்கு வரவில்லை. "சும்மா இருந்தா கை எப்படி இறுகும்?" என்றாய். நமக்குத் தெரிந்தது உப்பளம்தானே. பொங்கல் முடிந்து வேலை தொடங்கினால் முதல் வாரம் கை கொப்பளிக்கும், உப்புத் தண்ணீர் பட்டு எரியும். அதற்காக யாரும் வீட்டில் உட்கார மாட்டோம். வலியோடு வாரிக்கொண்டே இருந்தால் பத்து நாளில் தோல் காய்த்துவிடும். அதே கணக்கில் நீ தினமும் உலை கொதிக்கும் நேரத்தில் வாசல் நிலையின் மேல்கட்டையில் விரல் நுனியால் தொங்கினாய். நானும் கை தட்டினேன்.

அந்தப் பெண்ணுக்குத் தெரிந்ததும் திட்டினாள். "தோல் காய்க்கும்க்கா. உள்ள இருக்கிற நரம்பு காய்க்காது. அது மெதுவாத்தான் பலப்படும்." தலையை ஆட்டினோம். நீ நிறுத்தவில்லை.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு. நாம் ஆனைமுதுகு என்று பெயர் வைத்த அந்தப் பாறையில் நீ உச்சிக்குப் பக்கத்தில் இருந்தாய். நான் பின்னால் கையைத் தூக்கி நின்றேன். உன் மோதிர விரல் வீங்கியிருந்ததை மஞ்சள் பூசி மறைத்திருந்தாய். நீ கையை உதறியதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

"எறங்குடி!"

"இன்னும் ஒரே ஒரு கை அண்ணி!"

"எறங்கப் போறியா, உங்கண்ணனுக்கு போன் போடட்டுமா?"

ஒவ்வொரு பிடியாக இறங்கி வந்தாய். "நீ ஒரு பயந்தாங்கொள்ளி" என்று சொல்லிவிட்டு இரண்டு தட்டு சோறு தின்றாய். அடுத்த மழைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றோம். அடுத்த மழை வருவதற்குள் காய்ச்சல் வந்தது. நாலே நாள்.

உப்பு வாரும்போதெல்லாம் "இன்னும் ஒரே ஒரு கை" என்று என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. உனக்குக் கிடைக்க வேண்டியதை நான் தட்டிப் பறித்துவிட்டேன் என்றே நினைத்தேன். நீ போன மழைக்கு நான் மலைப் பக்கமே போகவில்லை. அதற்கு அடுத்த மழையில் போய், அந்தப் பாறையில் நான் ஏற வேண்டும் என்றேன். மெத்தைக்காரப் பெண் அவசரப்படுத்தவில்லை. ஒரு வருஷம் ஆயிற்று. வாரத்தில் இரண்டு நாள்தான். வாசல் நிலையில் தொங்கவே இல்லை. விரல் நொந்த இரண்டு ஞாயிறு சமைத்துப் போட்டுவிட்டு ஏறாமல் உட்கார்ந்திருந்தேன். உப்பள வரப்பில் நின்று, கால் பலப்படக் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினால் நம் சனங்கள் விடுவார்களா? "நாப்பத்தஞ்சு வயசுல மலையேறி இன்னாத்தக்கா பறிக்கப் போற?" "வந்து பாரு, பங்கு தரேன்" என்றேன்.

போன ஞாயிறு உன் ஷூவை மாட்டிக்கொண்டு ஏறினேன். நீ நின்ற இடத்துக்கு வந்து மேலே கை வைத்தேன். அங்கே நல்ல பிடி இருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஒரு பிளவுதான் இருந்தது, பூச்சி. நடுவிரலும் மோதிர விரலும் மட்டும் நுழைகிற பிளவு. மொத்த உடம்பும் அந்த இரண்டு விரலில் தொங்குகிறது. நல்ல விரலே அறுந்துவிடும் போல இருந்தது.

மேலே போய் உட்கார்ந்து சிரித்தேன். அழுகிறேன் என்று நினைத்து அந்தப் பெண் பதறிவிட்டாள். வீங்கிய விரலை நீ அதில் கொடுத்திருந்தால் உன் கை என்ன ஆகியிருக்கும்! அந்தக் கடைசிப் பருவம் முழுக்க நீ என் பக்கத்துப் பாத்தியில் நின்று, என்னை வம்புக்கு இழுத்துக்கொண்டே உப்பு வாரினாய். அந்தக் கையால்தானே வாரினாய்? அது எனக்குப் போதும்.

இப்போது உப்பளத்திலிருந்து இரண்டு பெண்கள் என்னோடு வருகிறார்கள். அவர்கள் ஏறும்போது நான் பின்னால் நிற்கிறேன். யாராவது முகம் சுளித்தால் சத்தம் போட்டு இறக்கிவிடுகிறேன். பயந்தாங்கொள்ளி என்று அவர்களும் சொல்கிறார்கள், எனக்குக் கோபமே வருவதில்லை.

ஒன்றுதான் தெரியவில்லை. அன்றைக்கு இறங்குவதற்கு முன்னால் நீ ஒரு தரம் மேலே கையை விட்டுத் துழாவினாய். கீழேயிருந்து பார்த்தேன். அந்தப் பிளவு உன் கைக்கு அப்போதே தட்டுப்பட்டதா பூச்சி, இல்லை அண்ணி கத்துகிறாளே என்றுதான் இறங்கி வந்தாயா?