சுவர்ப் பக்கத்து ஈரம்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். காகிதக் கூழ்த் தொட்டி மோட்டாருக்கு பெல்ட் மாற்றணும்.

அரசாங்க மானியத்தில் வாங்கிய கருவி வந்து இறங்கியது. மூன்று பெட்டி, மேலே முத்திரை போட்ட ஸ்டிக்கர். பெட்டியைப் பிரிக்கும் முன்பே முதலாளி (இனி மு.) ஸ்டிக்கர் தெரிகிற மாதிரி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அட்டையில் எவ்வளவு ஈரம் என்று அது தொடாமலேயே, வெளிச்சம் பாய்ச்சிச் சொல்லிவிடுமாம். பத்தொன்பது வருஷமாக நான் அதைக் கன்னத்தில் வைத்துச் சொல்கிறேன். எனக்கு யாரும் ஸ்டிக்கர் ஒட்டவில்லை.

கூட வந்த இன்ஜினீயர் பொண்ணு கார்த்திகா. டீ கொடுத்தால் வேண்டாம் என்கிறாள். மில்லுக்கு வந்து டீ வேண்டாம் என்கிறவர்கள் எதையோ எழுதிக்கொண்டு போகத்தான் வருவார்கள். பையில் சின்னப் பூட்டு வேறு.

சந்தேகம்:
1. என்னை வீட்டுக்கு அனுப்ப மு. போட்ட திட்டம்.
2. செல்வி விஷயத்தைக் கிளறுவார்கள்.

நவம்பர் 5, புதன்

நல்ல மழை. கரண்ட் இல்லை. கருவி மாட்டும் வேலை பாதியில்.

செல்வி விஷயம். வேறு எங்கே எழுத, இங்கேதான்.

ஆடி மாசம் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு நெசவாளி சேலையைத் தூக்கிக்கொண்டு மில்லுக்கே வந்துவிட்டார். எங்கள் அட்டையில் துளை போட்டுத்தான் அவர் தறி மேலே டிசைன் போடும் ஜக்கார்டில் மாட்டுகிறார். "பாருங்க பாய், மயிலு கழுத்து கோணிக்கினு கீது. உங்க அட்ட ஊறிப்போயி தொளையெல்லாம் நகந்துடுச்சி." எல்லோரும் கூடிவிட்டார்கள். மு. என் பக்கம் திரும்பினார். அட்டை அடுக்குகிறவள் செல்வி. "ஈரத் தரையில அடுக்கியிருப்பா" என்றேன்.

"பலக போட்டுத்தான் அடுக்கினேன் பாய்" என்றாள்.

ஈர விஷயத்தில் மில்லில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. மறுநாளிலிருந்து அவளுக்கு வேலை இல்லை.

நான் கண்ணால் பார்க்கவில்லை. அடுக்கியிருப்பாள் என்றுதான் சொன்னேன். எல்லோருக்கும் அடுக்கினாள் என்று காதில் விழுந்தது. நானும் திருத்தவில்லை.

நவம்பர் 6, வியாழன்

கருவி ஓடியது. ஆவிச் சூட்டில் காயவைக்கும் உருளையிலிருந்து அட்டை வரவர, மேலே ஓரத்துக்கு ஓரம் போய் வருகிறது. ஸ்கிரீனில் ஒரு கோடு. கதவுப் பக்கம் தட்டையாக. சுவர்ப் பக்கம் போனால் மேலே ஏறி நிற்கிறது. அங்கே ஈரம் அதிகமாம்.

"சொவத்துப் பக்கம் எப்பவும் இப்பிடித்தானா பாய்?" என்றாள் கார்த்திகா.

"மிஷின் புதுசுமா. போகப் போக சரியாயிடும்."

போன் வந்து அவள் வெளியே போன நேரம், விரலைத் தண்ணீரில் நனைத்துக் கதவுப் பக்க அட்டையில் ஒரு இழுப்பு இழுத்தேன். கோட்டில் அதே இடத்தில் முள் மாதிரி ஒன்று எழுந்தது. திரும்பி வந்தவள், "இங்க என்ன ஸ்பைக் வந்துக்குது?" என்றாள். தெரியலையேமா என்றேன். என் வயசுக்கு இது தேவையா.

அப்படியும் நம்பவில்லை. மு. சொல்லிக்கொடுத்து சுவர்ப் பக்கம் மட்டும் ஏற்றி வைத்திருக்கலாம்.

நவம்பர் 7, வெள்ளி

ஜும்மா. அரை நாள் லீவு.

உருளையை விட்டு இறங்கிய அட்டையின் இரண்டு ஓரத்திலும் ஒரே அளவாகத் துண்டு வெட்டி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். என் வீட்டுக்காரி ஜமீலாவின் தம்பி அன்வர் ஜரிகைக் கடை வைத்திருக்கிறான். ஜரிகை நிறுக்கிற தராசை இரவல் வாங்கினேன். நிறுத்து, தோசைக்கல்லில் காயவைத்து, மறுபடி நிறுத்தேன்.

ஜமீலா: "இன்னா இது, அட்டைய வாட்டிக்கினு கீறீங்க? நாஷ்தாவுக்கா?"

கதவுப் பக்கத் துண்டு கொஞ்சம் எடை குறைந்தது. சுவர்ப் பக்கத் துண்டு அதைப்போல இரண்டு மடங்கு குறைந்தது. மூன்று தடவை பார்த்தாச்சு. தராசுக்கு மு.வைத் தெரியாது.

அப்புறம்தான் உறைத்தது. உருளைக்கும் சுவருக்கும் நடுவே ஆள் நுழைய முடியாது. கதவுப் பக்கம் நின்று கையை நீட்டி, ஓரத்தில் ஒரு துண்டு கிழித்து, கன்னத்தில் வைப்பேன். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். பத்தொன்பது வருஷத்தில் சுவர்ப் பக்கத்தை ஒரு நாள்கூடத் தொட்டதில்லை.

வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 10, திங்கள்

வெயில். பெல்ட் மாற்றியாச்சு.

நான் சொன்னதும் பிட்டர் உருளையைத் திறந்து பார்த்தார். லேசாகச் சாய்ந்திருக்கிறது. ஆவி ஆறிய தண்ணீர் சுவர்ப் பக்கம் தேங்கி, அங்கே சூடே ஏறுவதில்லை. ரொம்ப நாளாகவே இப்படி என்றார்.

கார்த்திகாவுக்கு அல்சராம். அதனால்தான் டீ குடிப்பதில்லை. மோர் வாங்கிக் கொடுத்தேன்.

மதியம் மு. ஒரு அறிக்கையை நீட்டினார். 'கருவிக்கு முந்தைய நிலை' என்று ஒரு கட்டம். அதில்: பெண் தொழிலாளி ஈரத் தரையில் அடுக்கியதால் அட்டை பழுது. கீழே மேற்பார்வையாளர் என்று என் கையெழுத்துக்கு இடம்.

"உருளைதான் காரணம் மொதலாளி."

"அப்பிடி எழுதினா இத்தினி வருசமா இன்னா பாத்துக்கினு இருந்தீங்கன்னு ஒங்களக் கேப்பான், என்னியும் கேப்பான். புதன்கெழம ஆபீசருங்க வராங்க. பாக்கி மானியம் வரணும். பழச கிளறாதீங்க பாய்."

கண்ணாடி கொண்டுவரவில்லை, அப்புறம் போடுகிறேன் என்று நழுவினேன். கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்தது.

நவம்பர் 11, செவ்வாய்

வேலை முடிந்ததும் சைக்கிளில் பிள்ளையார்பாளையம். செல்வி இப்போது பக்கத்துத் தறிக்கு ஊடை நூலைத் தாராகச் சுற்றிக் கொடுக்கிறாள். ராட்டையை நிறுத்தவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

நின்றபடியே சொன்னேன். உருளை, சுவர்ப் பக்கம், தராசு, எல்லாம். "உன் மேல தப்பு இல்லம்மா" என்று முடித்தேன். பெரிசாக ஏதோ கொடுத்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு எனக்கு.

அவள் நூலைப் பார்த்துக்கொண்டே, "அது எனுக்கு மொதல்லயே தெரியுமே பாய்" என்றாள். "தெரியாதவங்க கிட்ட போயி சொல்லுங்க."

நவம்பர் 12, புதன்

மேகமூட்டம். ஆபீசர்கள் இரண்டு பேர். கருவிக்குச் சந்தனம், குங்குமம், மாலை. எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்தார் மு.

பெரிய ஆபீசர் கேட்டார், "இதுக்கு முன்னாடி ஈரம் பாத்தது யாரு?"

"ஒரு லேடி இருந்தாங்க சார், கவனக்குறைவு..." என்று மு. ஆரம்பித்தார்.

"நான்தான் சார்" என்றேன். "ஒரு பக்கம் மட்டும்தான் பாத்தேன். செல்வி மேல பழி போட்டதும் நான்தான்."

ஆபீசர் காதருகே கையை வைத்தார். மிஷின் சத்தத்தில் கேட்கவில்லையாம். இன்னொரு தடவை, கத்திச் சொன்னேன்.