பாதி வாயை மட்டும் சுத்தம் செய்யச் சொன்ன அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை கிராம்பு எண்ணெய்ப் புட்டி ஒன்று கைதவறி விழுந்து உடைந்தது. துடைத்தெடுத்த பிறகும் அறை முழுக்க அந்த வாசனை நின்றது. முதல் நோயாளி உள்ளே வருவதற்கு முன்பே என் நினைவில் நீங்கள் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள்.

2006-ஆம் வருடம். சிதம்பரத்தில் படிப்பை முடித்து, திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மூத்த மருத்துவரின் பல் கிளினிக்கில் நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது. தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவந்து தெருத்தெருவாக விற்று முடித்து, காலிக் கூடையை வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தீர்கள். ஈறு வலிக்காக இரண்டு நாளாய்க் கிராம்பைக் கடித்து வைத்திருந்ததால், உங்களிடம் மீன் வாசனையைவிடக் கிராம்பு வாசனைதான் தூக்கலாக இருந்தது. என்னைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர். நீங்கள் டாக்டரம்மா என்றீர்கள், நான் அக்கா என்றேன். கடைசிவரை அப்படியே இருந்துவிட்டது.

பல்லெல்லாம் கெட்டியான பல். சொத்தை ஒன்றுகூட இல்லை. ஆனால் ஈறு சிவந்து வீங்கி, தொட்டால் ரத்தம் வந்தது. பல்லும் ஈறும் சேரும் இடத்தில் பழுப்பாய்க் காரை படிந்து கல்லாகியிருந்தது. எப்படித் தேய்க்கிறீர்கள் என்று கேட்டேன். ரத்தம் வரும் இடத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களில் விரலால் தேய்ப்பதாகச் சொன்னீர்கள். சுனாமிக்குப் பிறகு முகாமில் கொடுத்த பையில் ஒரு பிரஷ் இருந்ததாம், அதை வைத்துத் தராசுத் தட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்களாம். சிரிக்காமல் சொன்னீர்கள். அந்த அலையில் வீடும் படகும் போனதைப் பற்றி நீங்கள் பேசியது வெகுநாள் கழித்துத்தான்.

ரத்தம் வருகிறதே என்று விட்டுவிடுவதால்தான் அங்கே அழுக்கு சேர்கிறது, அழுக்கு சேரச் சேர ஈறு இன்னும் வீங்குகிறது, காரையை எடுத்துவிட்டுத் தினமும் தேய்த்தால் ஈறு தானே இறுகும் என்று நான் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். உங்களுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. உங்கள் தெருவில் ஒருவர் இப்படிச் சுத்தம் செய்துகொண்டதில் பல்லெல்லாம் ஆட்டம் கண்டுவிட்டதாகச் சொல்லியிருந்தார். அவருக்கு உள்ளே எலும்பு முன்னமே கரைந்திருக்கும், காரைதான் பல்லோடு பல்லைப் பிடித்து வைத்திருந்திருக்கும் என்றேன். நான் சொல்வது நிஜமா, அவர் சொன்னது நிஜமா என்று கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தீர்கள்.

“பாதி வாய்க்கு மட்டும் பண்ணுங்க டாக்டரம்மா. எடப்பக்கம் மட்டும். ஒரு மாசம் பாத்துட்டு மத்தத சொல்றேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. மூத்த மருத்துவரும் சிரித்துவிட்டு, செய்து கொடு என்றார். இடப்பக்கம் மேலும் கீழும் காரையை எடுத்துவிட்டு, மென்மையான பிரஷ் ஒன்றைக் கொடுத்து, ஈறோரத்தில் சாய்த்துப் பிடித்துத் தேய்க்கக் காட்டினேன். திரும்பி வரமாட்டீர்கள் என்றே நினைத்தேன்.

சரியாக ஒரு மாதத்தில் வந்தீர்கள். வந்ததும் கண்ணாடி கேட்டீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் நின்று, உதட்டை விரலால் இழுத்துப் பிடித்து, இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். இடப்பக்க ஈறு வெளிறிய சிவப்பில் பல்லைக் கவ்விக்கொண்டிருந்தது. வலப்பக்கம் முன்னைவிடக் கொஞ்சம் தணிந்திருந்தாலும் தடிப்பு போகவில்லை. இடப்பக்கம் ஒரு வாரம் தண்ணீர் பட்டால் கூசியதையும் மறைக்காமல் சொன்னீர்கள். மீனுக்குச் செவுள் சிவப்பாக இருந்தால் நல்லது, மனுசனுக்கு ஈறு அப்படி இருந்தால் ஆகாது போலிருக்கிறதே என்றீர்கள். பிறகு, நான் எதுவும் கேட்காமலே:

“ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் தேச்சேன். ரெண்டு பக்கமும்தான் மென்னேன். இல்லன்னா எதனால நல்லாச்சுன்னு தெரியாம போயிடும்ல.”

ஒரு சிகிச்சை பலன் தருகிறதா என்று எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதைப் பாடமாகப் படித்திருக்கிறேன், பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஒருவர் அதைத் தானே யோசித்து, தன் வாயையே இரண்டாகப் பிரித்துச் செய்து பார்த்ததை அன்றுதான் கண்டேன் அக்கா. அன்றே வலப்பக்கத்தையும் முடித்துக்கொண்டு கூடையைத் தூக்கிக்கொண்டு போனீர்கள்.

அதற்குப் பிறகு உங்கள் தெருவே வர ஆரம்பித்தது. வந்தவர்கள் எல்லோரும் முதலில் கண்ணாடி கேட்டார்கள். மீன் விற்கப் போகும் வழியில் நீங்கள் மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. 2009-ல் உங்கள் நாத்தனார் விஷயம் நடக்கும் வரை.

அவரையும் நீங்கள்தான் அனுப்பி வைத்தீர்கள். நாக்கின் ஓரத்தில் ஒரு புண். பக்கத்திலேயே உடைந்த கடைவாய்ப் பல் ஒன்று கத்தி முனை மாதிரி நின்றது. பல் உரசி வந்த புண் என்று முடிவு கட்டி, அந்தக் கூர்முனையை ராவிவிட்டேன். இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் வரச் சொன்னேன். வெற்றிலையோடு புகையிலையும் போடுகிறவர் என்பது அவர் பல்லைப் பார்த்தாலே தெரிந்தது. அதை நிறுத்தச் சொன்னேன். நாக்கை இழுத்துப் பிடித்து அந்தப் புண்ணை விரலால் அழுத்திப் பார்க்கவில்லை. அன்று கூட்டம். அவர் திரும்பி வரவில்லை, நானும் மறந்துபோனேன்.

பதினைந்தாம் நாள் நீங்கள் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தீர்கள். அவர் வாசலிலேயே முரண்டு பிடித்தார். வலியே இல்லை, இதற்கு எதற்கு டாக்டர் என்றார். நீங்கள் அதைக் காதில் வாங்கவில்லை.

“வலி இல்லைங்கறதுதான் எனக்கு பயமா இருக்கு. எனக்கு வந்த வாய்ப்புண்ணெல்லாம் மெத்துனு இருக்கும், தொட்டா உயிர் போவும். இது கெட்டியா இருக்கு. தொட்டுப் பாருங்க.”

தொட்டேன். புண்ணின் விளிம்பு மட்டுமல்ல, அதன் அடியும் கெட்டியாக இருந்தது. மீனை வாங்குவதற்கு முன் இருபது வருடமாக அழுத்திப் பார்த்துப் பழகிய உங்கள் விரல் சொன்னதை, என் விரல் அப்போதுதான் கேட்டது.

மறுநாள் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு நானும் உங்களோடு பஸ் ஏறினேன். புண்ணிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்று என்று வந்தது. ஆனால் சின்னது, கழுத்துக்குப் பரவவில்லை. நாக்கின் ஓரத்தை வெட்டியெடுத்தார்கள். இன்னும் இரண்டு மூன்று மாதம் போயிருந்தால் பேச்சே வேறு என்று அங்கே சொன்னார்கள்.

அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது வராந்தாவில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, நான்தான் தவறவிட்டேன் என்று சொன்னேன். உங்களுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வந்திருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை.

“ரெண்டு வாரத்துல ஆறலன்னா வான்னு சொன்னது நீங்கதான? அவ வரல. நான் நாள எண்ணிக்கிட்டே இருந்தேன், அவ்ளோதான்” என்றீர்கள். பிறகு அவர் கண் விழித்தால் என்ன குடிக்கக் கொடுக்கலாம் என்று கேட்டீர்கள்.

அவ்ளோதான் என்று நீங்கள் சொன்னதை நான் எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. யாரும் உங்களை எண்ணச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் மூன்றாவதோடு நின்றவர் நீங்கள். ஒரு வாயைப் பார்க்கும்போது என்ன தெரிகிறது என்பதோடு நான் நின்றுவிட்டேன். நேற்று இருந்ததற்கும் இன்று இருப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று நீங்கள் பார்த்தீர்கள்.

இந்த வருடம் மழைக்கு முன்னால் ஒருநாள் உங்கள் நாத்தனார் மட்டும் தனியாக வந்தார். துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்க நின்றுகொண்டிருந்தபோது உங்களுக்கு நெஞ்சு வலித்ததையும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதையும் அவர்தான் சொன்னார். ஓரம் வெட்டப்பட்ட நாக்கு. ரகரமும் லகரமும் சரியாக வரவில்லை. நிறுத்தி நிறுத்தித்தான் பேச முடிந்தது. ஒரு சொல்கூட எனக்குப் புரியாமல் போகவில்லை. உங்கள் சாவை எனக்குச் சொல்ல அவருக்கு அந்தக் குரல் இருந்ததே நீங்கள் கொடுத்ததுதான் என்று தோன்றியபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அழுது முடித்துவிட்டு அவரே போய் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். வந்தது வந்துவிட்டேன், பார்த்துவிடுங்கள், அவள் இருந்தால் கேட்பாள் என்றார். நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, தழும்பை முன்னும் பின்னும் அழுத்திப் பார்த்தேன். மெத்தென்றிருந்தது.

இப்போது யார் எந்தப் பல்லுக்காக வந்தாலும் முதலில் நாக்கைத்தான் பிடிக்கிறேன் அக்கா. இரண்டு ஓரமும், அடியும். ஆறவேண்டிய புண் என்றால் நாளைக் குறித்து வைத்துக்கொண்டு எண்ணுகிறேன். சேத்தியாத்தோப்பிலிருந்து ஒருவர் இன்று வரவேண்டும், இன்றோடு பதினான்கு நாள். சாயங்காலம்வரை பார்ப்பேன். வரவில்லையென்றால் நாளைக் காலை முதல் பஸ்ஸில் நான் போகிறேன்.