முள்மரமும் எங்கள் தெரு ஆலமரமும்

சனிக்கிழமை, இரவு

வாசிப்புக் கூட்டத்தில் நான் தமிழாக்கிய அயர்லாந்துக் கவிதையை வாசித்தேன். தனித்து நிற்கும் முள்மரத்தை அங்கே வெட்டமாட்டார்கள். அதில் தேவதைகள் குடியிருக்கிறார்களாம். அந்த நாட்டுக்கே உரிய அடையாளம் இது என்று முடித்தேன்.

"ஏன், நம்ம தெரு ஆலமரத்துல நத் தெய்வம் இல்லையா?" என்றாள் எதிர்வீட்டுப் பர்மியப் பெண் மா திடா. நத் என்பது அவர்கள் கும்பிடும் காவல் ஆவி.

"அது முனீஸ்வரன்" என்றார் செல்வம் அண்ணன்.

சண்டையாகிவிடுமோ என்று பயந்தேன். மரத்தடிக்கே போய்ப் பார்த்தோம். நத்துக்குச் சிவப்புத் துணியும் முனிக்கு எலுமிச்சை மாலையும் ஒரே கிளையில் தொங்கின. துணி கட்டியவர் அண்ணன், மாலை போட்டவள் திடா என்பது மெல்ல வெளிவந்தது.

"புள்ளைக்குக் காய்ச்சல்னா யாரு சாமின்னு பாக்க முடியுமா?" என்றாள் அவள். அண்ணன் சிரித்துவிட்டார்.

என் குறிப்பில் 'அந்த நாட்டுக்கே உரிய அடையாளம்' என்ற கடைசி வரியை அடித்துவிட்டேன். தேவதைகளுக்குப் பால் பிடிக்கும் என்கிறது கவிதை. மரத்தடியில் ஒரு கிண்ணம் வைத்திருக்கிறேன். பூனை முந்திக்கொள்ளாமல் இருக்கவேண்டும்.