சமையல்கட்டில் மூன்று பேர்

அக்டோபர் 14, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் தானியக் கிடங்கு எடைமேடையில் காலையிலிருந்து லாரி வரிசை. அறுவடை முடியும்வரை இப்படித்தான். சோளத் தூசி காபியில்கூட மிதக்கிறது.

மதியம் ஓய்வுபெற்ற வாத்தியார் வெண்டெல் வந்து ஜன்னலைத் தட்டினார். என் பெயர் போட்டு வாசலில் நடும் தேர்தல் அட்டைகள் அச்சாகி வந்துவிட்டனவாம். "மார்லா – பள்ளி வாரியத்துக்கு." நீல எழுத்தில், முழ நீளத்துக்கு என் பெயர். கூச்சமாக இருந்தது. கொஞ்சம் பிடித்தும் இருந்தது, பொய் சொல்வானேன்.

"வாரியத்துல அஞ்சு பேரு. டுவேனும் ஜோலினும் டன்ரோ ஸ்கூலை மூடியே தீரணும்னு நிக்கிறாங்க. நான் மாட்டேங்கறேன். டெரிக் மதில்மேல் பூனை. அந்த அஞ்சாவது நாற்காலில நீ வந்து உக்காரு, மீதியை நான் பாத்துக்கறேன்" என்றார்.

டுவேன் வாரியத் தலைவர். என் தங்கை ரோண்டாவின் வீட்டுக்காரர். இந்த அட்டையை அவர் வீட்டு எதிரே நட்டால் என்ன ஆகும் என்று நினைத்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் ஊர் டன்ரோ பள்ளி இந்தக் கிடங்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. மணி அடித்ததும் என் மகள் ப்ரின் நடந்தே என்னிடம் வந்துவிடுவாள். அவள் அப்பா எங்களை விட்டு டெ மொயின் நகரத்துக்குப் போனபிறகு எங்கள் நாள் ஓடுவதே இந்த ஒரு வசதியில்தான். மூடிவிட்டால், இதே வாரியத்தின் கீழ் இருக்கும் பக்கத்து ஊர் கெல்சிப் பள்ளிக்கு பஸ். பஸ்ஸில் ஏறினாலே ப்ரின்னுக்கு வாந்தி. எட்டு வயசுப் பிள்ளை தினமும் ரெண்டு வேளை வாந்தி எடுத்துக்கொண்டு படிக்கப் போக வேண்டுமா?

அதற்காகத்தான் நிற்கிறேன். ஊருக்காக என்று வெளியே சொல்லிக்கொள்கிறேன், அது வேறு.

அக்டோபர் 27

கெல்சியில் வீடு வீடாகப் போனேன். ஒரு அம்மாள் கதவைப் பாதி திறந்து, "பள்ளி வாரியத்துக்கெல்லாம் எலெக்ஷன் வேற நடத்தறாங்களா?" என்று கேட்டாள். அவள் பிள்ளைகள் மூன்று பேரும் கெல்சிப் பள்ளியில்தான் படிக்கிறார்கள்.

நவம்பர் 5

ஜெயித்துவிட்டேன். ஆறு ஓட்டில்.

ஆறு! தபால் ஓட்டை எண்ணி முடிக்கும்வரை போனைக் கீழே வைக்கவில்லை. ரோண்டா போனில் வாழ்த்துச் சொன்னாள். "அவருகிட்ட போனைக் குடுக்கவா அக்கா?" என்றாள். வேண்டாம் என்றேன்.

நவம்பர் 17

வலது கையைத் தூக்கி உறுதிமொழி எடுத்தேன்.

நான் நினைத்த மாதிரி இல்லை இந்த வேலை. தனி ஆளாக ஒரு உறுப்பினருக்கு எந்த அதிகாரமும் கிடையாதாம். ஒரு டீச்சரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்ல முடியாது. ஐந்து பேரும் மேஜையில் உட்கார்ந்தால்தான் வாரியம். எழுந்துவிட்டால் எல்லோரும் சாதாரண ஜனம். தலைவருக்கும் ஒரே ஓட்டுதான் என்று கேட்டபோது டுவேனைப் பார்த்து நன்றாகவே சிரித்தேன்.

வாரியத்து வக்கீல் வந்து பாடம் எடுத்தார். வாரியத்தில் மூன்று பேர் சேர்ந்து பள்ளி விஷயம் பேசினால் அது கூட்டம். எந்த இடமாக இருந்தாலும் சரி. கூட்டம் என்றால் முன்கூட்டியே ஊருக்கு அறிவிக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், வர விரும்புகிறவர்கள் வரலாம். வெண்டெல், "அப்ப மூணு பேரா மீன் பிடிக்கப் போகக் கூடாதா சார்?" என்றார். "போங்க. மீனைப் பத்தி மட்டும் பேசுங்க" என்றார் வக்கீல். எல்லோரும் சிரித்தோம்.

டிசம்பர் 25

ரோண்டா வீட்டில் விருந்து. டுவேனும் நானும் பன்றித்தொடைக் கறியைப் பற்றி மட்டுமே பேசினோம். உப்பு சரியாக இருப்பதாக நாலு தடவை சொல்லிவிட்டேன்.

ஜனவரி 12

டெரிக் யார் பக்கம் என்று தெரியவில்லை. முப்பது வயது, பன்றிப் பண்ணைக்காரன், டன்ரோவில் படித்தவன்தான். கூட்டத்தில் வாயே திறப்பதில்லை. பள்ளியைச் சூடாக்கும் பழைய கொதிகலனைப் பற்றிய அறிக்கையை இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் படித்தான். எதற்கு அவ்வளவு படிப்பு? மூடலாமா என்று அடுத்த மாதம் ஓட்டு.

ஜனவரி 24, சனி

பள்ளியில் வருடாந்திர சில்லி விருந்து. கிண்ணம் நிறைய சில்லி என்கிற காரமான பீன்ஸ்-கறிக் குழம்பு, பக்கத்தில் பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டி. ஊரே வந்திருந்தது. வாரிய உறுப்பினர்கள் பாத்திரம் கழுவுவது இங்கே வழக்கம். டுவேனும் ஜோலினும் பரிமாறப் போனார்கள். வெண்டெல், நான், டெரிக் மூவரும் சமையல்கட்டில்.

வெண்டெல் பெரிய அண்டாவைத் தேய்த்துக்கொண்டே ஆரம்பித்தார். "என்னடா டெரிக், ஒன்பதாம் தேதி என்ன சொல்லப் போற?"

"இன்னும் முடிவு பண்ணல சார். கின்டர்கார்டன்ல இந்த வருஷம் நாலே பிள்ளைங்க..."

"உன்னை நாலாங்கிளாஸ்ல பாஸ் போட்டு விட்டதே இந்த ஸ்கூலு. மறந்துட்டியா?"

நானும் சும்மா இருக்கவில்லை. துடைக்கும் துணியை அவன் தோளில் போட்டேன். "இதை மூடினவன்னு உன் பேரைத்தான்டா ஊரு சொல்லும். உங்கம்மா சர்ச்சுக்கு எந்த முகத்தோட போவாங்க?" என்றேன். வெண்டெல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நடுவில் அவன் ஈரத் தட்டோடு.

"சரி சரி. மூட வேண்டாம்னே சொல்றேன். போதுமா?" என்றான்.

போதும்! வீடு வரை பாடிக்கொண்டே வந்தேன்.

பிப்ரவரி 9

3–2. மூடவில்லை!!

டெரிக் தலையைக் குனிந்தபடி 'வேண்டாம்' என்றான். யாரும் விவாதமே செய்யவில்லை, கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பேச வந்திருந்த ஜனங்கள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ப்ரின்னிடம் சொன்னதும் சோபாவில் ஏறிக் குதித்தாள்.

பிப்ரவரி 19

வக்கீல் அலுவலகத்திலிருந்து போன். டுவேன் புகார் கொடுத்திருக்கிறார். ஜனவரி 24 அன்று வாரியத்தில் மூன்று பேர் சமையல்கட்டில் சட்டவிரோதக் கூட்டம் நடத்தி ஓட்டை முன்கூட்டியே முடிவு செய்தார்களாம்.

கூட்டமா? பாத்திரம் கழுவினோம்யா! கை முழுக்க சோப்பு நுரை!

வக்கீல் பொறுமையாகச் சொன்னார். பேசினது உண்மை என்றால் பழைய ஓட்டு நிற்காது. வாசலைத் திறந்துவைத்து மறுபடியும் முதலிலிருந்து விவாதித்து ஓட்டெடுக்க வேண்டும். பேசவே இல்லை என்று மூன்று பேரும் சொன்னால்... "அது நீங்க மூணு பேரும் என்ன சொல்றீங்கங்கறதைப் பொறுத்தது" என்று நிறுத்திவிட்டார்.

டுவேனுக்கு யார் சொன்னது?

பிப்ரவரி 21

ரோண்டாதான்.

எச்சில் தட்டுகளை வாங்கும் ஜன்னல் பக்கம் நின்றிருக்கிறாள். எனக்கு நினைவே இல்லை. நேராக அவள் வீட்டுக்குப் போனேன்.

"நான் கோள் மூட்டலக்கா. டெரிக்கை நீங்க ரெண்டு பேரும் போட்டு நெருக்கினதைச் சிரிச்சுக்கிட்டே சொன்னேன். சாப்பாட்டுப் பேச்சுதானே. அவரு அதைத் தூக்கிட்டுப் போவாருன்னு எனக்கென்ன தெரியும்?"

"உனக்குப் பிள்ளையா குட்டியா, ஸ்கூல் இருந்தா என்ன போனா என்ன" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லியிருக்கக் கூடாது. எதைச் சொல்லியிருந்தாலும் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் அழவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள், நான் வெளியே போவதற்காக.

பிப்ரவரி 24

வெண்டெல் எடைமேடைக்கு வந்தார். "விஷயம் ரொம்பச் சுலபம். நாம பாத்திரம் பத்திப் பேசினோம். அண்டா அடிப்பிடிச்சிருந்துச்சு. அவ்வளவுதான். டெரிக்கும் அப்படியே சொல்லிடுவான்."

"கேட்டீங்களா அவனை?"

"சொல்லச் சொன்னேன்."

ஒரே ஒரு சின்னப் பொய். பள்ளி நிற்கும். யாருக்கு என்ன நஷ்டம்? எனக்கென்ன, உண்மையே பேசுகிறவள் என்று பட்டமா கொடுக்கப் போகிறார்கள்? சரி என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 2

தூக்கமில்லை. அண்டா, அண்டா, அண்டா.

மார்ச் 10

நேற்று எழுத முடியவில்லை.

கெல்சி நூலகத்தில் வாரியக் கூட்டம், நாற்காலி போதாமல் ஜனங்கள் சுவரோரம் நின்றார்கள். மறு ஓட்டு வந்தாலும் வரலாம் என்று வக்கீல் முன்கூட்டியே நிகழ்ச்சி நிரலில் போட்டு வைத்திருந்தார். ரோண்டா மூன்றாவது வரிசையில் இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

வக்கீல் ஒவ்வொருவராகக் கேட்டார். வெண்டெல் அசராமல் சொன்னார்: "பாத்திரம் கழுவினோம். அடிப்பிடிச்ச அண்டாவைப் பத்திப் பேசினோம்." பின்வரிசையில் சிரிப்பு. டுவேன் முகம் சிவந்தது. "என் பொண்டாட்டி காதால கேட்டிருக்கா. அப்ப அவ பொய் சொல்றாளா?"

எல்லோரும் திரும்பி ரோண்டாவைப் பார்த்தார்கள். அவள் மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்து நான். அண்டா என்றுதான் சொல்லப் போனேன். சத்தியமாக. வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அதைச் சொன்னால் என் தங்கச்சி பொய்க்காரி, இந்த ஊரில், இத்தனை பேர் முன்னால், என் வாயால். ஏற்கெனவே அவளை ஒரு தடவை வெட்டியாயிற்று.

"பேசினோம்" என்றேன். "ஓட்டைப் பத்தித்தான் பேசினோம். டெரிக்கை விட்டா மாறிடுவான்னு ரெண்டு பக்கமும் நின்னு நெருக்கி வாக்கு வாங்கினோம். நானும்தான்."

வெண்டெல் என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன்.

பழைய ஓட்டு செல்லாது. மறுபடியும் முதலிலிருந்து. ஆளுக்கு மூன்று நிமிடம் என்று ஜனங்கள் பேசினார்கள். மூடாதே என்று அழுதவர்கள் பல பேர். ஆனால் டன்ரோவில் இருந்தே ஒரு அப்பா எழுந்து, தன் மகன் வகுப்பில் அவன் வயதுக்கு அவன் ஒருத்தன்தான் என்றும், விளையாட ஆள் இல்லாமல் பிள்ளை ஊமையாகிக் கொண்டிருக்கிறான் என்றும் சொன்னார். அப்படி ஒரு ஆள் எங்கள் ஊரில் இருப்பதே எனக்குத் தெரியாது. பிப்ரவரியில் நாங்கள் அவரைப் பேச விடவே இல்லை.

கடைசியாக டெரிக். மைக்கை இழுத்து வைத்துக்கொண்டான். அவன் இத்தனை பேசி நான் கேட்டதில்லை.

"அன்னிக்கு சமையல்கட்டுல நான் வேண்டாம்னு சொன்னது, அங்கேருந்து வெளிய போகணுங்கறதுக்காக. எனக்கு அந்த ஸ்கூல்னா உசுரு. ஆனா நாலு பிள்ளைங்க, அடுத்த வருஷம் மூணு. வர்ற டீச்சரும் ஒரு வருஷத்துல ஓடிடறாங்க. இதை நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். மார்லா அக்கா, மன்னிச்சிருங்க. மூடலாம்."

3–2. மூடியாகிவிட்டது. மே மாதத்தோடு.

வெளியே பனியில் வெண்டெல் தன் வண்டிக் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "உன் நேர்மையைக் கொண்டு போய் பஸ்ல ஏத்து" என்றார். திரும்பிப் பார்க்காமல்.

ப்ரின்னிடம் இன்று காலைதான் சொன்னேன். "நீ ஜெயிச்சேன்னு சொன்னியே" என்றாள்.

மார்ச் 15

ரோண்டா வந்தாள். காபி குடித்தாள். அன்று நான் சொன்னதைப் பற்றி மன்னிப்புக் கேட்டேன். "ம்" என்றாள். அதற்கு மேல் இன்னும் வரவில்லை. வரும் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 24

முதல் நாள். பஸ்ஸில் வாந்தி. கெல்சிப் பள்ளி அலுவலகத்திலிருந்து மாற்றுச் சட்டை கேட்டுப் போன். எடைமேடையை விட்டு நகர முடியவில்லை. கழிவறையில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 4

மறுபடியும். இந்த வாரம் ப்ரின்னுக்கு இது மூன்றாவது வாந்தி. ஆனால் ஏதோ அடிசன் என்று ஒரு சிநேகிதி பிடித்திருக்கிறாள். அந்தப் பெண்தான் சட்டையைக் கழுவ உதவுகிறாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் முகத்தில் ஒரு வெளிச்சம். எனக்குச் சந்தோஷப்படவும் தெரியவில்லை, கோபப்படவும் தெரியவில்லை.

செப்டம்பர் 11, வெள்ளி

திங்கள் கூட்டத்தில் என் தீர்மானம் வருகிறது: டன்ரோவுக்கு இரண்டாவது பஸ். அது வந்தால் ஒவ்வொரு பண்ணைக்கும் சுற்ற வேண்டாம், பயணம் பாதியாகிவிடும். டுவேனும் ஜோலினும் செலவு என்று எதிர்க்கிறார்கள். வெண்டெல் என்னோடு பேசுவதில்லை, ஆனால் பஸ்ஸுக்குக் கை தூக்குவார். மறுபடியும் எல்லாம் டெரிக் கையில்தான்.

இன்று அவன் சோயா ஏற்றிக்கொண்டு எடைமேடைக்கு வந்தான். சீட்டை வாங்கிக்கொண்டு போகாமல் ஜன்னலில் சாய்ந்து நின்றான்.

"அக்கா, அந்த பஸ் விஷயம். நான் என்ன நினைக்கிறேன்னா..."

"வேண்டாம் டெரிக்."

"நாம ரெண்டு பேர்தானேக்கா. ரெண்டு பேர் பேசினா தப்பில்லன்னு வக்கீலே சொல்லியிருக்காரு."

தெரியும். எனக்கா தெரியாது? அவன் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வந்தால் இந்த மூன்று ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்குவேன். கேட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் மாட்டேன் என்று சொல்லத்தான் வந்திருந்தால், அவனை மாற்ற எனக்கு இங்கேயே ஆயிரம் வார்த்தை கிடைக்கும். கிடைத்தால் சும்மா இருப்பேனா? என்னை எனக்குத் தெரியும்.

"திங்கக்கிழமை எல்லாரும் கேக்கச் சொல்லு. பின்னால லாரி நிக்குது, வண்டியை எடு" என்றேன்.

அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டான். ஆமாம் என்பானா, இல்லை என்பானா, முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த லாரியை எடை போட்டேன்.