புதுசா என்று கேட்ட அம்மா

வந்ததும் முதலில் சாப்பிடு. அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறேன்.

"வீட்டு வேலைக்கு ஆள் எதுக்கு, பாதி வேலையை நான்தானே செய்யறேன்" என்று ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் கத்தினேன் இல்லையா? அதற்கு இன்று காலையே வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வீட்டு வேலைக்கு நீ வரச் சொல்லியிருந்த அம்மா வந்தார். "துடைப்பம் எங்கே சார்?" தெரியவில்லை. தரை துடைக்கிற துணி எது, பாத்ரூம் பிரஷ் எங்கே? திருதிருவென்று விழித்தேன். நம் சின்னவள்தான் வாயில் பேஸ்ட் நுரையோடு ஓடி வந்து எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தாள். "அப்பாவைக் கேக்காதீங்க ஆன்ட்டி, அவருக்குத் தெரியாது."

அந்த அம்மா சிரிக்காமல் கேட்டார். "சார் இந்த வீட்டுக்குப் புதுசா?"

ஒன்பது வருஷம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "ஆமாங்க" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். சின்னவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஆபீஸ் போனாலும் மறக்காது.

வாரம் மூன்று நாள் வரச் சொல்லியிருக்கிறேன். அவருக்கான சாவி செருப்பு அலமாரியின் மேல்தட்டில். மற்ற நாட்களில் பாத்ரூம் என் பொறுப்பு. கத்தியதற்கு மன்னித்துவிடு.

பி.கு: நாளை ஒன்பது மணிக்கு வருவார். நான் புதுசு இல்லை என்பதை நானே அவரிடம் சொல்கிறேன். அதுவரை சின்னவள் வாயைக் கொஞ்சம் பார்த்துக்கொள்.