முதலாளிக்கு என்ன வேணும்?

4.6.1938, சனி

வாசிகசாலை ஆண்டு விழாவுக்கு இன்னும் ஐந்து வாரம். என் நாடகத்தைச் செயலாளர் மஹ்ரூபிடம் கொடுத்தேன். நல்ல உப்புத் தொழிலாளி, கெட்ட முதலாளி, கடைசியில் நீதி வெல்கிறது. வாசித்து முடித்துவிட்டு, "சுஹைர், இது நாடகமா, ஜும்ஆப் பிரசங்கமா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

உப்புக் கந்தோரில் ஆறு வருடமாகக் கடிதம் எழுதும் கை இது. எனக்கா எழுதத் தெரியாது?

5.6.1938, ஞாயிறு

முகம் ஏன் சரியில்லை என்று மரியம் கேட்டாள். கலியாணம் முடித்து ஒரு வருடம். சாப்பாடு, சந்தைச் சாமான் தவிர நாங்கள் அதிகம் பேசியதில்லை. கோபத்தில் கொப்பியை எடுத்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"முதலாளிக்கு என்ன வேணும், மச்சான்?"

"ஒண்டும் வேணாம். அவன் பொல்லாதவன்."

"ஒண்டும் வேணாண்டா, அவரு ஏன் தொழிலாளியெ மறிக்கிற?"

எழுந்து போய்விட்டேன். ஐந்தாம் வகுப்புப் படித்தவள்!

9.6.1938, வியாழன்

அவள் கேட்டது சரி. சரிதான்.

12.6.1938, ஞாயிறு

நானே போய்க் கேட்டேன். மரியம் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்:

"மழெ வரப்போகுது. பாத்தியில உப்பு வெளஞ்சி கெடக்கு. அள்ளாட்டி எல்லாம் கரஞ்சிரும். முதலாளிக்கி உப்பெக் காப்பாத்தணும். தொழிலாளிட புள்ளெக்கி காச்சல். அவருக்கு ஊட்டுக்குப் போகணும். ரெண்டு பேருலயும் ஞாயம் இரிக்கி."

கொப்பியை எடுத்து வந்தேன். "பிறகு?"

"அவரு நிண்டு உப்பெ அள்ளினாரு. ஊட்டுக்கு வரக்கொள்ள புள்ளெட மூச்சு நிண்டு மௌத்தாயிட்டு."

கழுவிய மீனைச் சட்டியில் போட்டுவிட்டு, "அது என்ட தங்கச்சி. வாப்பா இண்டெக்கும் அதெப் பத்தி வாய் தொறக்கல்ல" என்றாள்.

யா அல்லாஹ். ஒரு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன் — ஒரு நாளாவது கேட்டேனா?

"இதை எழுதட்டா, மரியம்?"

"எழுதுங்க. முதலாளியெ ஷைத்தானா ஆக்காதீங்க."

26.6.1938, ஞாயிறு

ஒத்திகை. மஹ்ரூப்தான் முதலாளி. கூடையைத் தூக்குவதா, போட்டுவிட்டு ஓடுவதா என்று தொழிலாளி நிற்கும் இடத்தில் ஒரு வசனமும் தேவைப்படவில்லை. பாதி வசனத்தை வெட்டினேன். பார்த்திருந்தவர்கள் அசையவில்லை.

மரியத்தின் வாப்பா, பதியுதீன் மாமா, பார்க்க வருவாராம். நான் செய்வது சரியா? அவருடைய காயத்தை ஊருக்கு முன்னால் வைக்க நான் யார்?

9.7.1938, சனி

இன்றுதான் விழா. புறப்படும்போது மரியம் சொன்னாள்: "கதெ என்னாண்டு வாப்பாக்கிட்டச் செல்லிட்டன். வாறண்டு செல்றாரு. நடுவுல எழும்பிப் போனா, போக உடுங்க."

10.7.1938, ஞாயிறு

மாமா எழும்பவில்லை. முன் வரிசையில் கடைசிவரை இருந்தார். முடிந்ததும் யாரோடும் பேசாமல் போனார்.

காலை எட்டு மணிக்கு வாசலில் வந்து நின்றார். கதிரையில் உட்கார்ந்து நிலத்தையே பார்த்தார்.

"முதலாளியும் அண்டெக்கி அழுதாரு, மருமகன். புள்ளெட மையத்தெத் தூக்கக்கொள்ள அவரும் தோள் குடுத்தாரு. நான் அவருட மொகத்தெப் பாக்கல்ல. இத ஒருத்தருக்கும் செல்லல்ல."

மரியம் அறையிலிருந்து வந்து அவருடைய காலடியில் உட்கார்ந்தாள். "தங்கச்சி எப்பிடி இரிப்பா, வாப்பா? எனக்கு மொகம் நெனவில்ல."

மாமா சொல்லத் தொடங்கினார்.

நான் குசினிக்குப் போய் மூன்று பேருக்கும் தேத்தண்ணி ஊற்றினேன்.